முனிரத்தினம் அண்ணனின் சிரிப்பு ஷாட்

1. எறும்பு

முதல் நாள் நான் காய்ச்சிய ரத்தத்தை எறும்பு தின்றுவிட்டது.

சினிமா மேக்கப்புக்கு வர ஆசைப்படும் பெண்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "மேடம், பிளட் எப்படிப் பண்ணுவீங்க?" என்பதுதான். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். என் பெயர் எஸ்தர். பிறந்தது சித்தூரில், மிஷன் காம்பவுண்டுக்குப் பக்கத்தில். திருப்பதியில் பார்லர் வைத்து, கல்யாணப் பெண்களை ஜோடித்தே என் காலம் போயிருக்கிறது. திருமலையில் விடிகாலை முகூர்த்தமா, நாராயணவனத்தில் கோயில் கல்யாணமா, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். வியர்வையில் கரையாத பவுண்டேஷன், தாலி கட்டும்போது அழுதாலும் வழியாத மை, இவைதான் என் வித்தை. ஆளைச் சாகடித்துப் பழக்கமில்லை.

அந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டவன் கிரி. எங்கள் தெருப் பையன். இன்ஜினியரிங் படித்துவிட்டு சினிமாப் பைத்தியம் பிடித்து அலைந்தவன், கடைசியில் ஒரு தெலுங்குப் படத்துக்கு டைரக்டர் ஆகிவிட்டான்.

"மேடம், படத்துல ரத்தம் ஜாஸ்தி, பட்ஜெட் கம்மி. நீங்கதான் எப்டியாவது பாத்துக்கணும்" என்றான்.

கல்யாண வீட்டு சமையல்காரர்கள் குலாப்ஜாமுனுக்குப் பாகு காய்ச்சுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதே மாதிரி சர்க்கரைப் பாகு காய்ச்சி, சிவப்புக் கலரும் கொஞ்சம் காப்பித் தூளும் கலந்தேன். கேமராமேன் மானிட்டரைப் பார்த்துவிட்டு, "சூப்பர் மேடம், நிஜ ரத்தம் தோத்துச்சு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. புத்தூருக்கு வெளியே ஒரு பழைய கல் குவாரி. டெஸ்ட் ஷாட்டுக்காக ஆறு பேரை யூனிபார்மில் சரிவில் படுக்க வைத்து ரத்தம் ஊற்றினோம். கேமரா ஓட ஆரம்பித்ததும் பிணங்கள் நெளிந்தன. பிறகு ஒவ்வொன்றாக எழுந்து சட்டையைக் கழற்றி உதறின. குவாரி எறும்பு சின்னதுதான், ஆனால் கடித்தால் உயிர் போகும்.

ஒருவர் மட்டும் அசையவில்லை. இமை மேலேயே எறும்பு ஊர்கிறது, மனிதர் அப்படியே கிடக்கிறார். பயந்துபோய் ஓடினேன்.

"அண்ணா, கட் சொல்லியாச்சு. ஏந்திரிங்க!"

அவர் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். "பரவால்ல மேடம். பொணத்துக்கு இன்னா தெரியப் போவுது?"

அவர்தான் முனிரத்தினம். மறுநாளிலிருந்து பாகை விட்டு கிளிசரினுக்கு மாறினேன். அதற்கும் எறும்பு எட்டிப் பார்த்ததால் இரண்டு சொட்டு வேப்பெண்ணெய் விட்டேன். எறும்பு ஓடிவிட்டது. நாற்றம் தாங்காமல் ஹீரோவும் ஓடிவிடுவேன் என்றான்.

2. கதையும் ஆட்களும்

கிரியின் கதை இதுதான். எல்லையில் ஒரு சின்ன ராணுவக் குழு. அவர்களுடைய மேஜரே எதிரிகளுக்கு இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடுகிறான். சுபேதார் உட்பட பாதிப் பேர் சாகிறார்கள். தப்பித்தவர்கள் மேல் துரோகிப் பட்டம் விழுகிறது. அவர்கள் ஊர் திரும்பிப் பார்த்தால், மேஜர் செம்மரம் கடத்திப் பெரிய மனிதனாகிவிட்டான். அப்புறம் என்ன, அடிதடிதான். ராஜஸ்தான் எல்லை என்று பேப்பரில் இருந்தது. புத்தூர் வெயில் அடித்த அடியில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

துணை நடிகர்களை ஹைதராபாத்திலிருந்து கூட்டி வர வசதியில்லாததால் கிரி உள்ளூரில் எக்ஸ் சர்வீஸ்மேன்களைத் தேடிப் பிடித்தான். துப்பாக்கி பிடிக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை, யூனிபார்ம் உடம்பில் உட்காரும் என்பது அவன் கணக்கு. முனிரத்தினத்துக்கு சுபேதார் வேஷம். அவர் புத்தூர் பக்கத்தில் கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு, ஒரு காலேஜில் செக்யூரிட்டியாக இருந்தார். அவர் மனைவி கோவிந்தம்மா தினமும் மதியம் ஷேர் ஆட்டோவில் சாப்பாட்டுக் கேரியரோடு வந்துவிடுவார். கம்பெனி சாப்பாட்டைப் பார்த்து முகம் சுளிப்பார்.

"இத்த துன்னா ஒடம்புக்கு ஆவுமா மேடம்? நீயும் ஒரு வாயி துன்னு" என்று எனக்கும் ஊட்டாத குறையாகக் கொடுப்பார். அந்தக் கீரைக் கடைசலுக்காகவே நான் காலையில் டிபனைக் குறைத்துக்கொண்டேன்.

ஒருநாள் முகத்துக்குக் கரி பூசும்போது முனிரத்தினம் அண்ணனிடம் கேட்டேன். "உங்களுக்கு எதுக்கண்ணா இந்தச் சினிமா?"

"சாவற வேஷம்னாங்க. ஒத்துக்கினேன்" என்றார்.

ஜோக் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் எதற்குமே சிரிப்பதில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

3. ஒக்கசாரி நவ்வண்டி

எங்கள் சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர், அந்த வேஷம் செத்து முடிந்ததும், கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அதையும் ஷூட் செய்வார்கள். படத்தில் வராது, ஆனால் எடுத்தே ஆக வேண்டும். சிரித்தால்தான் செத்தது பொய் என்று ஆகும், அவர் ஆயுளுக்கு ஒன்றும் வராது. எங்கள் சபையில் இதைச் சொன்னால் மூடநம்பிக்கை என்பார்கள். நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படித்தான் சொல்வேன். ஷூட்டிங்கில் சொல்ல மாட்டேன்.

சுபேதார் சாகும் காட்சியை எடுத்தோம். நெஞ்சில் ரத்த பலூன் கட்டி, நூலை இழுத்து வெடித்தோம். அவர் விழுந்த விதத்தில் நானே "ஐயோ" என்று கத்திவிட்டேன். ஹீரோ தேஜா பாய்ந்து வந்து உடலைத் தோளில் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்க வேண்டும். தேஜா திருப்பதி ஜிம் பையன். கண்ணாடி முன்னால் நன்றாகத் தூக்குவான். முனிரத்தினம் அண்ணன் ஆறடி.

அதற்கு முன்பு சிரிப்பு ஷாட்டை முடித்துவிடலாம் என்றார் மேனேஜர் நாகராஜு. கேமராவைக் கிட்டே கொண்டு போனார்கள்.

"நவ்வண்டி சார். ஒக்கசாரி நவ்வண்டி!" என்று நாகராஜு தெலுங்கில் கொஞ்சினார், ஒரே ஒரு தடவை சிரியுங்கள் என்று.

முனிரத்தினம் அண்ணன் கேமராவைப் பார்த்தபடி நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"பல்லக் காட்டினா போதும் அண்ணா" என்றேன் நான்.

"என்னால ஆவாது மேடம்."

நேரமாகிறது என்று கிரி அடுத்த ஷாட்டுக்குப் போகச் சொன்னான். தேஜா அவரைத் தூக்கினான். நாலடி வைத்தான். கால் வழுக்கி இருவரும் விழுந்ததில், தேஜாவின் மணிக்கட்டு மடங்கிவிட்டது. அவன் போட்ட அலறல் மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். லைட்மேன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கையில் பிடித்திருந்த ரிஃப்ளெக்டர்களைக் கீழே வைத்தார்கள்.

"பொணம் சிரிக்கல. அதான் ஹீரோ கை போச்சு" என்றார் ஒருவர்.

4. புத்தூர் கட்டு

கை உடைந்தாலும் சுளுக்கினாலும் இந்தப் பக்கத்தில் கட்டுப் போட புத்தூருக்குத்தான் போவார்கள். நாங்கள் புத்தூரிலேயே இருந்தோம் என்பது தேஜாவின் அதிர்ஷ்டம். எலும்பு முறியவில்லை, பிசகியிருந்தது. இழுத்துவிட்டு, மருந்தும் முட்டையும் தடவி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டிவிட்டார்கள். அந்தக் கட்டோடு வந்து நின்றவனைப் பார்த்து கிரி, "இது காயமா இருக்கட்டும், கதைக்குச் சரியாத்தான் வரும்" என்றான். அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

நாகராஜு முடிவாகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் சுபேதாரின் மிச்ச ஷாட்களை எடுக்கலாம். எடுத்து முடித்ததும் அவர் சிரிக்க வேண்டும். இல்லையென்றால் லைட்மேன்கள் வேலை செய்ய மாட்டார்கள், வேறு ஆளைப் போட்டு எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டும். மறுபடி எடுக்க கம்பெனியிடம் ஒன்றும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். கிரி ஒரு பாறை மேல் உட்கார்ந்து, தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். அவன் முதல் படம் அந்தக் குவாரியிலேயே நின்றுவிடப் போகிறது.

நான் முனிரத்தினம் அண்ணனின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம். இத்தனை பேர் பிழைப்பு நிற்கிறது, ஒரு பல்லைக் காட்ட முடியாதா?

"என்ன பிடிவாதம் அண்ணா இது?" என்று கேட்டே விட்டேன்.

கண்ணை மூடியபடியே பேசினார்.

"தாமோதரன்னு ஒருத்தன் மேடம். நாராயணவனத்துக்காரன். ரெண்டு பேரும் ஒண்ணா மிலிட்டரி செலெக்சனுக்குப் போயி, ஒண்ணா சேந்தோம். கெளம்பற அன்னிக்கு அவங்க அம்மா அவன் கைய எடுத்து என் கையில குடுத்து, 'பாத்துக்கப்பா'ன்னாங்க. அங்க மலையில ஒரு நாளு நான் முன்னால போறேன், அவன் பின்னால வரான். மண்ணு சரிஞ்சிச்சி. திரும்பிப் பாக்கறேன், அவன் இல்ல."

நான் கையை நிறுத்தினேன்.

"நான்தான் அவன வூட்டுக்கு எட்த்துக்கினு வந்தேன். அவங்க அம்மா என்னப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. 'நீ மட்டும் எப்டிடா வந்த?' அப்பால நான் அந்த வூட்டுப் பக்கம் போனதே இல்ல. கிரி தம்பி கதை சொல்லும்போதே நெனச்சிக்கினேன். காட்டிக் குட்த்த மேஜர் வேஷம்தான் எனக்குச் சரி. இதுல நான் செத்தவன். செத்தவன் எப்டி மேடம் சிரிக்கறது?"

என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பஞ்சை மாற்றி, காதோரம் இருந்த ரத்தத்தை மெல்லத் துடைத்தேன்.

கோவிந்தம்மா பின்னால் கேரியரோடு நின்றிருந்தார். அவர் அழவில்லை. என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார்.

"எங்க பொண்ணு கல்யாண ஆல்பத்தப் பாத்தா நீ பயந்துடுவ மேடம். எல்லா போட்டோவுலயும் அந்த மனுசன் எழவு வூட்ல நிக்கற மாதிரிதான் நிக்கும். போட்டோகிராபர் கெஞ்சினான். பழகிட்டேன். ஆனா இது அப்டி இல்ல. நெஞ்சுல ரத்தத்தோட கெடந்துட்டு சிரிக்காம வூட்டுக்கு வந்தா, எனக்கு ராத்திரி எப்டித் தூக்கம் வரும்? மூச்சு வருதான்னு பாத்துக்கினே கெடப்பேன். எனக்கு அது வேணும் மேடம். உயிரோட வேணும்."

பிறகு கேரியரை என் பெட்டி மேல் வைத்துவிட்டு, "உனக்கு நாராயணவனம் தெரியுமில்ல? வா" என்றார்.

5. தையல் மிஷின்

நாராயணவனத்தில் கோயிலும் கல்யாண மண்டபங்களும் இருக்கும் தெருக்கள்தான் எனக்குத் தெரியும், மற்றவை தெரியாது. ஆனால் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை. டீக்கடையில் பெயரைச் சொன்னதுமே, "மிலிட்டரி தாமோதரன் வூடா? அதோ, தையல் வசந்தா வூடு" என்று கை காட்டினார்கள்.

வசந்தா தாமோதரனின் தங்கை. என் வயதுதான் இருக்கும். மிஷினில் ஸ்கூல் யூனிபார்ம் தைத்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் மாலை போட்ட படம், யூனிபார்மில் ஒரு இளம் முகம். படத்தில் அவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கோவிந்தம்மா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். தான் யார், தன் புருஷன் யார், என்ன ஷூட்டிங், ஏன் சிரிக்க வேண்டும், அவர் ஏன் சிரிக்கவில்லை.

வசந்தாவின் கால் மிஷின் மிதியில் நின்றுவிட்டது.

"அந்தக் குவாரியிலயா எடுக்கறாங்க?" என்றார்.

"ஆமாம்மா."

"காலையில எத்தினி மணிக்கு?"

சொன்னோம். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி மிஷினை மிதிக்க ஆரம்பித்தார். உட்காருங்கள் என்றோ தண்ணீர் குடியுங்கள் என்றோ சொல்லவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது கோவிந்தம்மா என் கையைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

"தப்பு பண்ணிட்டனா மேடம்? அத்தினி பேரு முன்னால அந்தப் பொண்ணு வந்து எங்க மனுசன திட்டிப்புடுமா?"

"ஒண்ணும் ஆகாது அக்கா" என்றேன்.

6. அசையாதீங்க

மறுநாள் காலை சுபேதார் செத்துக் கிடப்பதை கிட்டத்தில் எடுக்க வேண்டும். தேஜா அவர் மார்பில் முகம் புதைத்து அழுது, பிறகு கண்களை மூடிவிட வேண்டும்.

"மேடம், அந்த வேப்பெண்ணெ இன்னிக்கு வேணாம். ஆஸ்கார் கொடுத்தாலும் அந்த நாத்தத்துல என்னால அழ முடியாது" என்றான் தேஜா. கை வேறு கட்டோடு இருக்கிறது, பாவம் என்று விட்டுவிட்டேன்.

ஒரு பக்கத்திலிருந்து எடுத்து முடித்தார்கள். தேஜா நன்றாகவே அழுதான், பாதி அழுகை கை வலிக்காக. கேமராவை அந்தப் பக்கம் மாற்ற வேண்டும். இந்த நேரத்தில்தான் மேக்கப்காரிக்கு உயிர் போகும். ரத்தம் எந்தக் கோட்டில் வழிந்ததோ, மண் எங்கே ஒட்டியதோ, எல்லாம் அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்க வேண்டும்.

"அண்ணா, அசையாதீங்க! கன்டினியூட்டி! மூச்சு மட்டும் விடுங்க!" என்று கத்தினேன்.

அவர் அசையவில்லை. ராணுவத்தில் இருந்தவர், உத்தரவு என்றால் உத்தரவு.

அப்போது சரிவில் வசந்தா இறங்கி வந்தார். நாகராஜு "எவரண்டி மீரு?" என்று, யார் நீங்கள் என்று தெலுங்கில் கேட்டபடி தடுக்கப் போனார். கோவிந்தம்மா அவர் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்துவிட்டார். வசந்தா நேராகப் போய் முனிரத்தினம் அண்ணனின் தலைமாட்டில் குந்தினார். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். முகத்தில் தாமோதரனின் ஜாடை இருக்க வேண்டும், உடனே தெரிந்துகொண்டார். எழப் பார்த்தவர், நான் சொன்னது நினைவு வந்தோ என்னவோ, அப்படியே கிடந்தார்.

"அதான் அசையக் கூடாதுன்னு சொல்றாங்க இல்ல? படு. நல்லதாப் போச்சு, இன்னிக்காவது ஓடாம கேளு" என்றார் வசந்தா.

குவாரியில் அத்தனை பேரும் நின்ற இடத்தில் நின்றோம்.

"எங்கம்மா அன்னிக்கு ஒரு வார்த்த கேட்டுச்சி. பெத்த வயிறு, அப்டித்தான் கேக்கும். அத்தப் புட்ச்சிக்கினு நீ வராமயே பூட்ட. எங்கண்ணன் செத்த நாளு வந்தா எங்கம்மா ரெண்டு எல போடும். ஒண்ணு அவனுக்கு. ஒண்ணு ஒனக்கு. 'முனிரத்தினம் வருவான், அவனப் பாத்தா எம்புள்ளயப் பாத்த மாதிரி இருக்கும்'னு வாசலயே பாத்துக்கினு இருக்கும். சோறு ஆறிப் போவும். கடைசியில ஒன் எலைய எங்க நைனா துன்னுட்டு ஏந்திரிப்பாரு. எங்கம்மா போற வரைக்கும் அந்த எல நிக்கல. ஒன்ன யாரு துரோகின்னாங்க? நீ வராததுதான் துரோகம்."

முனிரத்தினம் அண்ணன் அசையவில்லை. ஆனால் இரண்டு கண்ணிலிருந்தும் நீர் வழிந்து, நான் பார்த்துப் பார்த்துப் போட்ட ரத்தத்தில் கோடு கிழித்துக்கொண்டு காதுக்குள் இறங்கியது. கன்டினியூட்டி போயே போய்விட்டது. பெட்டியைத் திறக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. நானும் அழுதுகொண்டிருந்தேன்.

வசந்தா குனிந்து அவர் கன்னத்தில் எதையோ பிடுங்கினார். பிறகு கழுத்தில் ஒன்று. மூக்கு நுனியில் ஒன்று. வேப்பெண்ணெய் இல்லாத ரத்தத்தைத் தேடி எறும்பு வந்துவிட்டது.

"இன்னாய்யா இது, எறும்பு மொய்க்குது. கடிக்கலியா?"

"கடிக்குது" என்றார் அவர், உதட்டைக்கூட அசைக்காமல்.

"அப்பறம் இன்னாத்துக்கு பொணம் மாதிரி கீற?"

"மேடம் திட்டுவாங்க."

வசந்தா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்ததும் அவருக்கு அடக்க முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு தாமோதரனுடையது. சுவரில் பார்த்தேனே, அதே பல்வரிசை. முனிரத்தினம் அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு தோள். பிறகு முகமே உடைந்து, கண்ணீரும் ரத்தமும் எறும்புமாக மனிதர் மல்லாந்து கிடந்தபடி சிரித்தார். சத்தம் போட்டு, மூச்சு வாங்க, நிறுத்த முடியாமல் சிரித்தார்.

கேமராமேன் அந்தப் பக்கம் மாற்றி வைத்த கேமரா ஓடிக்கொண்டிருந்தது. யாரும் ஆக்‌ஷன் சொல்லவில்லை. கிரி கட் சொல்லவில்லை. கோவிந்தம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "போதும், போதும், பொர ஏறிடப் போவுது" என்றார்.

லைட்மேன்கள் ரிஃப்ளெக்டர்களை எடுத்துக்கொண்டார்கள். நான் மறுபடி ரத்தம் போட்டேன், இந்தத் தடவை வேப்பெண்ணெயோடு. தேஜா வாயைத் திறக்கவில்லை.

7. இப்போது

படம் வந்தது. திருப்பதியிலும் சித்தூரிலும் தியேட்டரில் கொஞ்ச நாள் ஓடியது, பிறகு செல்போனுக்குள் போய்விட்டது. கிரிக்கு அடுத்த படம் கிடைத்திருக்கிறது. அதிலும் ரத்தம் ஜாஸ்தி, என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறான். வழக்கமாகப் படத்தில் வராத சிரிப்பு ஷாட்டை அவன் கடைசியில், பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு வைத்துவிட்டான். சித்தூர் தியேட்டரில் கதவு வரை போன ஜனம் திரும்பி நின்று பார்த்தது. கோவிந்தம்மா பின் வரிசையிலிருந்து, "எங்கூட்டுக்காரரு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

ரத்தம் எப்படிச் செய்வது என்று கேட்கும் பெண்களுக்குச் சொல்கிறேன். கிளிசரின், சிவப்பு, காப்பித் தூள், மறக்காமல் வேப்பெண்ணெய். இது ஒரு நாளில் வந்துவிடும். ஆனால் செத்துக் கிடந்த ஆளின் முகத்தைத் துடைக்கும்போது அவசரப்படாதீர்கள். வாயைத் திறந்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். நாம் ஒருவருக்கு மிகக் கிட்டத்தில் முகத்தோடு முகம் நிற்கும் தொழில் செய்கிறோம், அதை நான் அந்தக் குவாரியில்தான் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்பு அதே படத்தில் மற்ற பிணங்களின் சிரிப்பு ஷாட் எடுக்கும்போது நான் பெட்டி கட்டப் போய்விடுவேன். இப்போது கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.

தாமோதரனின் நாளில் வசந்தா வீட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு இலை போட்டார்கள். ஒன்று படத்துக்கு முன்னால். இன்னொன்றில் முனிரத்தினம் அண்ணன் உட்கார்ந்து, தலை நிமிராமல், ரசம் வரைக்கும் சாப்பிட்டு முடித்தார்.

சுவரில் தாமோதரன் படத்துக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு படம் மாட்டியிருக்கிறது. கிரி பிரின்ட் போட்டுக் கொடுத்தது. முகமெல்லாம் ரத்தம், வாயெல்லாம் சிரிப்பு. அதற்கு மாலை கிடையாது. துணி தைக்க வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் பதறுகிறார்கள். அன்று நான் இருந்தபோதே ஒரு அம்மா, "ஐயோ, இவரு எப்டிச் செத்தாரு?" என்று கேட்டார்.

வசந்தா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்:

"எங்க இன்னொரு அண்ணன். அவரு எங்க செத்தாரு? பின்னால கை கழுவிக்கினு கீறாரு, போயி நீயே கேளு."